யாருக்காக எழுந்து நிற்கிறோம்?

(தாமல் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுத் தேர்வு அட்டவணை கைக்கு வந்துவிட்டது. கூடவே ஆண்டு விழா வேலையும் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பை முடித்து அடுத்த பள்ளிக்குப் போகிறவர்கள், எட்டாம் வகுப்பை முடித்து உயர்நிலைக்குப் போகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்போடு நம்மை விட்டே போகிறவர்கள் என எல்லோரையும் வழியனுப்பும் பருவம் இது. மழலையர் வகுப்புக்குக்கூட இப்போது பட்டமளிப்பு விழா நடக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், நினைவுப் பரிசு, நடனப் பயிற்சி என்று நமக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த நேரத்தில் 'விழாக்களில் மரியாதை' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம் மனத்தில் முதலில் வருவது என்ன? பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. விருந்தினர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வரிசை கலையக் கூடாது. விசில் அடிக்கக் கூடாது. இவை எல்லாம் தேவைதான். நானும் இவற்றைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்தான். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள அனைத்தும் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தர வேண்டிய மரியாதை. விழா பிள்ளைகளுக்குத் தர வேண்டிய மரியாதை இதில் எங்கே இருக்கிறது? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு கலந்து பேச விரும்புகிறேன்.

எழுந்து நிற்பதன் பொருள்

எந்த விழாவும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட நாடக நூலின் பாயிரத்தில் உள்ள பாடல் அது. 1970-இல் அரசு விழாக்களில் பாட வேண்டும் என்று ஆணை வந்தது. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன் இசையமைத்தார். 2021 டிசம்பர் 17 அன்று அதை மாநிலப் பாடலாக அறிவித்து அரசாணை வெளியானது. 55 விநாடிகளில் பாட வேண்டும், பாடும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது.

அந்த ஆணைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2018-இல் சென்னையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்து பாடியபோது மேடையில் இருந்த ஒருவர் எழுந்து நிற்கவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அதை ஒட்டிய வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை எதுவும் இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதற்குச் சில நாட்களிலேயே அரசாணை வந்தது. அதுவரை மரபாக இருந்தது விதியாயிற்று.

அந்த ஆணையில் இரண்டு செய்திகளை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். முதலாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு எழுந்து நிற்பதிலிருந்து விலக்கு உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை உட்கார்ந்தபடியே மரியாதை செலுத்துகிறது. அப்படியானால் மரியாதை முழங்காலில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பதை அந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. இதை மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது நம் வேலை. சொல்லாமல் விட்டால், "அவன் மட்டும் ஏன் நிற்கவில்லை?" என்ற கேள்வி அவன் முதுகுக்குப் பின்னால் ஓடும்.

இரண்டாவது, இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துப் பொத்தானை அழுத்துகிறோம். தினமும் காலை வணக்கத்தில் பாடும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேரை மேடையேற்றினால் போதும். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. பாடலின் பொருளை ஒரு வகுப்பு நேரத்தில் விளக்கிவிட்டால், அதற்குப் பிறகு "அசையாமல் நில்" என்று நாம் அதட்ட வேண்டியிராது.

நாட்டுப்பண் தொடர்பான ஒரு தீர்ப்பையும் ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1985-இல் கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காலை வணக்கத்தில் நாட்டுப்பண் பாடும்போது அவர்கள் பாடவில்லை என்பது குற்றச்சாட்டு. தங்கள் சமய நம்பிக்கை பாட அனுமதிக்கவில்லை என்றார்கள் அவர்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் மற்றவர்களோடு மரியாதையாக எழுந்து நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்டு 11 அன்று, பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்ற அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து மரியாதையாக நின்ற பிள்ளைகள் அவமதிப்பு எதையும் செய்யவில்லை, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

சட்ட நுணுக்கத்துக்காக இதை நான் சொல்லவில்லை. வாய் திறக்காத ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன் 'திமிர்' என்று முடிவு கட்டும் முன், ஏன் என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சமயக் காரணம் இருக்கலாம். திக்கிப் பேசும் பிள்ளைக்குக் கூச்சம் இருக்கலாம். வெளிமாநிலத்திலிருந்து பெற்றோரோடு வந்த பிள்ளைக்குப் பாடலே தெரியாமல் இருக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

நின்றுகொண்டே இருப்பவர்கள்

விழாவில் நாம் சொல்லாமலே நிற்கிற ஒரு கூட்டம் உண்டு. நாற்காலி கிடைக்காமல் பந்தலின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர்கள்.

நம் பகுதிப் பெற்றோர்களை உங்களுக்குத் தெரியும். ஒரு பகுதியினர் ஏரிப் பாசன வயல்களில் வேலை செய்கிறவர்கள். ஒரு பகுதியினர் தொழிற்சாலை வண்டியில் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்கள். இன்னொரு பகுதியினர் தறியில் உட்காருகிறவர்கள். தறிக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்து முடித்த சேலைக்குக் கூலி. பிள்ளையின் விழாவுக்காக அரை நாள் தறியை நிறுத்தினால், அந்த அரை நாளுக்குச் சேலை தள்ளிப்போகிறது. தொழிற்சாலைக்காரருக்கு ஒரு நாள் விடுப்பு. வயல் வேலைக்காரருக்கு ஒரு நாள் கூலி. அப்படி வருமானத்தை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு வருகிறவரை நாம் எங்கே நிறுத்துகிறோம்?

முன்வரிசை நாற்காலிகளில் 'சிறப்பு விருந்தினர்' என்று தாள் ஒட்டியிருக்கும். அவற்றில் பாதி கடைசி வரை காலியாகவே கிடக்கும். பின்னால் பெற்றோர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் அம்மா கூட்டத்தில் இடிபட்டு நிற்பதை மேடையிலிருந்து பார்க்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? யார் முக்கியம், யார் முக்கியமில்லை என்பதை அது அன்றைக்கே கற்றுக்கொண்டுவிடும். நாம் நன்னெறி வகுப்பில் ஓராண்டு சொன்னது அந்த ஒரு மாலையில் கரைந்துபோகும்.

கோயில் நகரத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் நாம். யாருக்கு முதல் மரியாதை என்ற பிணக்கு எப்படி வளரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் அந்தக் கணக்கு நுழையக் கூடாத இடம். அன்றைக்கு முதல் மரியாதை வழியனுப்பப்படும் பிள்ளைக்கும் அதன் வீட்டாருக்கும்தான்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நெய்ய ஒருவர் மட்டும் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வர வேண்டுமானால், கரைக்கான நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. இன்றைக்கு நம் விழாவுக்கு வரும் தாத்தா பாட்டிகளில், ஏன், அப்பா அம்மாக்களிலும் சிலர் அப்படித் தறி ஓரத்தில் வளர்ந்தவர்களே. தங்களுக்குக் கிடைக்காத மேடையில் பேரப்பிள்ளை ஏறுவதைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவது நமக்குச் சின்ன வேலை. அவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்களில் பெரும்பாலான மாணவர்கள் நேரில் பட்டம் பெறுவதில்லை. நேரில் வராத நிலையிலேயே அவர்களுக்குப் பட்டம் வழங்கப்படுகிறது. பள்ளியோடு படிப்பை நிறுத்துகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே நம் பள்ளியில் ஒரு பிள்ளை ஏறும் மேடை, அதன் வாழ்நாளில் அது ஏறும் ஒரே மேடையாக இருக்கக்கூடும். இந்த எண்ணம் இருந்தால், "நேரமாகிவிட்டது, மீதிப் பேருக்கு வகுப்பில் கொடுத்துவிடலாம்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. பேச்சைக் குறைக்கலாம், நடனத்தைக் குறைக்கலாம், பிள்ளைகளைக் குறைக்கக் கூடாது.

அங்கியும் ஆடையும்

மழலையர் பட்டமளிப்பு விழாக்களில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் வாடகைக்கு எடுத்து மாட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளின் பழைய பல்கலைக்கழகங்களில், சமயத் துறவிகளின் உடையிலிருந்து வந்த வழக்கம் அது. மார்ச், ஏப்ரல் வெயிலில் செயற்கை இழைத் துணிக்குள் ஐந்து வயதுப் பிள்ளை வியர்த்துக் கொட்டுகிறது. 2010-இல் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தம் அங்கியை மேடையிலேயே கழற்றி வைத்தார். அது நாடு முழுவதும் விவாதமானது. பட்டமளிப்பு உடைக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழுவும் கேட்டுக்கொண்டது. இன்று பல நிறுவனங்களில் அங்கிக்குப் பதில் அங்கவஸ்திரம் வந்துவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு 1857. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை.தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை அன்று என்ன உடுத்தியிருந்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம்.

தறிகள் இருக்கும் வட்டாரத்தில் ஒரு பருத்தித் துண்டு கிடைக்காதா? பிள்ளையின் தோளில் கைத்தறித் துண்டைப் போட்டு, "இது நம் பக்கத்துத் தறியில் நெய்தது" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். அதை நெய்தவர் பெற்றோர்களில் ஒருவராக இருந்தால், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். விருந்தினருக்கு நாம் போர்த்தும் மினுமினுப்பான பொன்னாடை பெரும்பாலும் விசைத்தறியில் வந்த செயற்கை இழைத் துணி. வாங்கியவர் அதை வீட்டில் பயன்படுத்துவதும் இல்லை. அதற்குப் பதில் ஒரு நூலோ கைத்தறித் துண்டோ போதும்.

மேடையில் யார் பேசுகிறார்கள்?

2024-இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. பேச வந்தவர், உடல் குறைபாட்டோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்ற பொருளில் பேசினார். அங்கே பணிபுரிந்த பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் கூட்டத்திலேயே எதிர்த்துக் கேள்வி கேட்டார். பேச்சாளர் அவரோடு வாக்குவாதம் செய்தார். காணொலி பரவி, மாநிலமே பேசியது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

மரியாதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியரின் நினைவு வருகிறது. விருந்தினர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம். அவர் குறுக்கிட்டார். அந்தக் கூட்டத்தில் உண்மையான மரியாதையைக் காப்பாற்றியவரும் அவரே. பிள்ளைகளின் மதிப்பு, விருந்தினரின் மதிப்புக்குக் கீழே இல்லை என்பதை ஒரு கேள்வியால் காட்டிவிட்டார்.

அத்தகைய நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பேச வருகிறவர் யார், என்ன பேசப் போகிறார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு கலந்து முன்கூட்டியே முடிவு செய்வோம். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுவோம். சாதி, சமயம், நிறம், உடல், மதிப்பெண் ஆகியவற்றைச் சொல்லி ஒரு பிள்ளையைக்கூடத் தலைகுனிய வைக்கும் நகைச்சுவை வேண்டாம் என்பதைத் தயங்காமல் கேட்டுக்கொள்வோம். விருந்தினர் வரத் தாமதமானால் விழாவைக் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுவோம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்துப் பெறும் வரவேற்பு எந்த நல்ல விருந்தினருக்கும் மகிழ்ச்சி தராது.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

மேடையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் அதன் பெயரைத் தவறாகப் படித்துவிட்டால் விழாவே அதற்குத் தவறிப்போகிறது. முதல் நாளே பெயர்ப் பட்டியலை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். வட்டாரத்தில் அழைக்கும் ஒலிப்பு, முதலெழுத்து, எழுத்துப்பிழை ஆகிய எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே கேட்டுச் சரிசெய்ய வேண்டும். முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத அரசு சொல்கிறது. சான்றிதழில் அதைக் கவனியுங்கள்.

பரிசுக்கு வருபவர்களின் வரிசையையும் பாருங்கள். மதிப்பெண் வரிசையில் அழைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்குக் கைதட்டல் ஓய்ந்திருக்கும். அகர வரிசையில் அழைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பெற்றோர் இல்லாத பிள்ளையும் விடுதிப் பிள்ளையும் நம்மிடம் இருக்கிறார்கள். "அம்மா அப்பாவோடு மேடைக்கு வரவும்" என்று அறிவிப்பதற்குப் பதில், "வீட்டிலிருந்து வந்தவரோடு" என்று அறிவிக்கலாம். அத்தையோ பாட்டியோ அண்ணனோ வரலாம். யாரும் வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் கூட ஏறலாம். மேடையில் பெரியவர் காலில் விழச் சொல்வதும் வேண்டாம். பிள்ளை தானாக விரும்பி வணங்கினால் அது வேறு. நாம் சொல்லிச் செய்தால் அது படப்பிடிப்பாகிவிடும்.

காலை உணவு சமைக்கும் அம்மாக்கள், சத்துணவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோரை நன்றியுரையின் கடைசி வரியில் மொத்தமாகச் சேர்க்கிறோம். அதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு சான்றிதழையாவது அவர்கள் கையால் கொடுக்கச் செய்யுங்கள். ஐந்து ஆண்டு சோறு போட்ட கையிலிருந்து சான்றிதழ் வாங்கும் பிள்ளைக்கு, உழைப்பை மதிக்க வேண்டும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவும் செய்துவிட்டால் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பதைத் துணிந்து கேட்கலாம். மூன்று பழக்கங்களைக் கேட்டால் போதும்.

தன் நண்பனுக்குத் தட்டுகிற அதே அளவு எல்லோருக்கும் கைதட்ட வேண்டும். ஒருவருக்கு விசிலும் அடுத்தவருக்கு அமைதியும் என்றால், அந்த அமைதி ஒரு பிள்ளையை ஆண்டுக் கணக்கில் உறுத்தும்.

தன் முறை முடிந்தவுடன் எழுந்து போகாமல், கடைசிப் பிள்ளை சான்றிதழ் வாங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தனக்காக மற்றவர்கள் காத்திருந்ததுபோல, மற்றவர்களுக்காகத் தான் காத்திருப்பதே விழா ஒழுங்கின் அடிப்படை. இதைப் பெற்றோர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். தன் பிள்ளையைப் படம் எடுத்ததும் கிளம்பிவிடும் பழக்கம் பெரியவர்களிடம்தான் அதிகம்.

பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்கும்படி பேசுவது பேசுகிறவரின் பொறுப்பு என்பதை நாமும் மறக்கக் கூடாது.

இவற்றைக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒத்திகையாகவே பழக்கலாம். ஒவ்வொரு வாரமும் நான்கு பிள்ளைகளை அழைத்து ஏதேனும் ஒன்றுக்காகப் பாராட்டுங்கள். நன்றாக எழுதியதற்கு, தண்ணீர்க் குழாயை மூடியதற்கு, தம்பியைக் கைபிடித்து அழைத்து வந்ததற்கு. கைதட்டவும் கைதட்டலைக் கூச்சமின்றி ஏற்கவும் பிள்ளைகள் அங்கேயே பழகிவிடுவார்கள். விழா நாளில் நாம் பிரம்பை நினைக்க வேண்டியிராது.

நண்பர்களே, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு விடை எழுதிக்கொள்ளுங்கள். நம் பள்ளியில் மிகவும் பின்தங்கிய பிள்ளை அன்று மேடையில் எத்தனை விநாடி இருக்கும்? அதன் வீட்டார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள்? இந்த இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்துவிட்டால், மற்ற ஏற்பாடுகளில் சின்னக் குறை இருந்தாலும் அது நல்ல விழாதான்.